முதல் கடிதமும் கடைசி வாதமும்: வணிக வழக்கறிஞரின் தொழில் குறித்து

புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாக துவாரகா வரை ஓடும் மெட்ரோ பாதையின் நீளம் சுமார் 22.7 கிலோமீட்டர். அதை முப்பது ஆண்டுகள் நடத்துவதற்காக 2008 ஆகஸ்டில் டெல்லி மெட்ரோ ரயில் கழகம் தனியாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பாலம், சுரங்கம் முதலான கட்டுமானம் கழகத்தின் பொறுப்பு. ரயில் பெட்டி, சிக்னல், வண்டி ஓட்டுவது எல்லாம் ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் முன்னின்று அமைத்த டெல்லி ஏர்போர்ட் மெட்ரோ எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பொறுப்பு. 2011 பிப்ரவரியில் வண்டி ஓடத் தொடங்கியது. 2012 ஜூலையில் நின்றது. பாலத்துக் கர்டர்களில் விரிசல், அவற்றைத் தாங்கும் பேரிங்குகளில் கோளாறு என்று நிறுவனம் சொன்னது. ஜூலை 9 அன்று எட்டுக் குறைகளைப் பட்டியலிட்டு, 90 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பியது. அக்டோபர் 8 அன்று ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தது.

இதற்கு இடம் தந்த விதியில் இரண்டு வழிகள் இருந்தன. கழகம் 90 நாளுக்குள் குறையைத் தீர்த்திருக்க வேண்டும்; இல்லையேல் தீர்ப்பதற்குப் பயனுள்ள நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால்தான் முறிக்கும் உரிமை பிறக்கும். இதற்கிடையே 2013 ஜனவரி 18 அன்று மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர், வேகக் கட்டுப்பாடு உள்ளிட்ட நிபந்தனைகளோடு, பாதையை இயக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார். அதே மாதம் 22 அன்று வண்டி மீண்டும் ஓடியது.

இந்த ஒரு விதியும் ஒரு சான்றிதழும் பன்னிரண்டு ஆண்டு வழக்கைத் தாங்கின. 2017 மே மாதம் மூவர் நடுவர் மன்றம் நிறுவனத்துக்கு 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. 2018 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை ஏற்றார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து நடுவர் தீர்ப்பை உயிர்ப்பித்தது. சீராய்வு மனு நவம்பரில் தள்ளுபடியானது. எல்லாம் முடிந்தது என்று பலரும் எண்ணிய நிலையில், 2024 ஏப்ரல் 10 அன்று கியூரேட்டிவ் மனு என்ற மிக அரிதான வழியில், மூன்று நீதிபதிகள் அமர்வு உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பையே விலக்கியது. அதற்குள் வட்டியோடு தொகை சுமார் 8,000 கோடி ரூபாயை எட்டியிருந்தது.

அந்தக் கடைசி அமர்வு கண்ட குறைகள் என்ன? பயனுள்ள நடவடிக்கை என்ற இரண்டாம் வழியை நடுவர்கள் உரியபடி ஆராயவில்லை. பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழைப் பொருட்டற்றதாக ஒதுக்கினார்கள். இரண்டும் 2013இலேயே கோப்பில் கிடந்தவை. ஆறு கட்டங்களில் நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். ஆனால் அவர்கள் வாதிட்டதெல்லாம், ஒப்பந்தத்தை எழுதியவரும், நோட்டீஸுக்கு முதல் பதில் தயாரித்தவரும், நடுவர் முன்பு ஆவணங்களை அடுக்கியவரும் விட்டுச்சென்ற பொருளை வைத்துத்தான்.

வணிக வழக்குகளிலும் நடுவர் மன்றங்களிலும் பணியாற்றும் வழக்கறிஞரின் தொழிலில் உள்ள அடிப்படை முரண் இதுதான். வழக்கின் விதி முதல் கட்டத்தில் தீர்மானமாகிறது. பெயரும் பணமும் கடைசிக் கட்டத்துக்குப் போகின்றன. இந்தியாவில் நடுவர் முறை தள்ளாடுவதற்குச் சட்டத்தின் ஓட்டைகளைப் பலர் காரணமாகச் சொல்வார்கள். தொழிலின் இந்த அமைப்பும் அதே அளவுக்குக் காரணம் என்பது என் துணிபு.

நீதிமன்றத்தைத் தவிர்க்க எழுந்த சட்டம்

இந்தியாவின் முதல் தனி நடுவர் சட்டம் 1899இல் வந்தது. ஆரம்பத்தில் அது கல்கத்தா, பம்பாய், சென்னை என்ற மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கு மட்டுமே பொருந்தியது. வணிகம் எங்கே குவிந்திருந்ததோ அங்கே நடுவர் தேவைப்பட்டார். நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1940இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் நடுவர் தீர்ப்பு சொன்னால் மட்டும் போதாது. நீதிமன்றம் அதை ஏற்று ஆணையாக்க வேண்டும். எதிர்த்தரப்பு தடை கேட்கலாம், திருப்பி அனுப்பச் சொல்லலாம், நடுவரையே மாற்றக் கோரலாம். 1981இல் குரு நானக் அறக்கட்டளை வழக்கில் நீதிபதி டி.ஏ. தேசாய், இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் நடவடிக்கைகளைப் பார்த்து வழக்கறிஞர்கள் சிரிக்கிறார்கள், சட்டத் தத்துவவாதிகள் அழுகிறார்கள் என்ற பொருள்பட எழுதினார். சிரித்தவர்களுக்குக் காரணம் இருந்தது. நீதிமன்றத்தைத் தவிர்க்கும் வழி என்று சொல்லப்பட்டது, நீதிமன்றத்துக்கு இன்னொரு வாசலாகிவிட்டது.

1991க்குப் பிறகு அன்னிய முதலீடு வரத் தொடங்கியதும் சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 1985இல் வகுத்த மாதிரிச் சட்டத்தைத் தழுவி 1996இல் புதிய சட்டம் பிறந்தது. நடுவர் தீர்ப்பே நீதிமன்ற ஆணைபோல் நிறைவேற்றத்தக்கது. அதை ரத்து செய்யக் காரணங்கள் மிகச் சில. மூன்று மாதம், அதற்கு மேல் 30 நாள். அதற்குள் மனு போடாவிட்டால் கதவு மூடிவிடும். காகிதத்தில் இது நல்ல சட்டம்.

அந்தச் சில காரணங்களில் ஒன்று, தீர்ப்பு இந்தியாவின் பொதுக் கொள்கைக்கு முரணாக இருப்பது. 2003இல் ஓ.என்.ஜி.சி. – சா பைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் வரம்பை விரித்தது. நடுவர் தீர்ப்பில் வெளிப்படையான சட்டப்பிழை இருந்தால் அதுவும் பொதுக் கொள்கைக்கு முரண் என்றது. அதன்பின் தோற்ற தரப்புக்கெல்லாம் உயர் நீதிமன்றப் படியேற ஒரு நியாயம் கிடைத்தது. அந்நாளைய விதிப்படி மனு போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுபோகும் என்பதால், தோற்றவர் பணம் கட்டாமல் ஆண்டுகளைக் கடத்தினார். இந்தத் தாமதத்துக்கு நாடே விலை கொடுத்தது. கோல் இந்தியாவுக்கு எதிராக 2002இல் பெற்ற நடுவர் தீர்ப்பை ஒன்பது ஆண்டுகளாக நிறைவேற்ற முடியவில்லை என்று ஆஸ்திரேலிய நிறுவனமான ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் முறையிட்டது. 2011இல் சர்வதேச முதலீட்டுத் தீர்ப்பாயம் இந்தியாவையே பொறுப்பாக்கியது.

2015 திருத்தம் தானியங்கித் தடையை நீக்கியது. பொதுக் கொள்கையின் வரம்பைச் சுருக்கியது. நடுவர்களுக்கு 12 மாதக் கெடு வைத்தது. 2019இல் அந்தக் கெடு, இரு தரப்பு மனுக்களும் முடிந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்று மாறியது. திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தாலும் டெல்லி மெட்ரோ வழக்கு பன்னிரண்டு ஆண்டு ஓடியது.

எம்-புக்கும் தேதிப் பட்டியலும்

வணிக வழக்கறிஞரின் வேலை என்றதும் கறுப்புக் கோட்டு, குறுக்கு விசாரணை, நீதிபதியோடு சொற்போர் என்று மனதில் படம் எழும். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி கேஸ் கட்டுக்குள் நடக்கிறது.

ஒரு சாலை ஒப்பந்தத் தகராறை எடுத்துக்கொள்வோம். வேலை இரண்டு ஆண்டு தாமதம். ஒப்பந்ததாரர், நிலம் கொடுக்காததே காரணம் என்கிறார். துறை, ஆள் போடாததே காரணம் என்கிறது. யார் சொல்வது உண்மை என்பது மேடைப் பேச்சால் தெரியாது. அளவுகள் எழுதிய எம்-புக் வேண்டும். எந்த நாள் எதனால் வேலை நின்றது என்று பதிந்த தடங்கல் பதிவேடு வேண்டும். இடைக்கால பில்கள், கூட்டக் குறிப்புகள், தளப் பொறியாளர்களின் வாட்ஸ்ஆப் செய்திகள், யாரும் பதில் போடாத பத்துக் கடிதங்கள் வேண்டும். இவற்றைப் படித்து, நாள்வாரியாக அடுக்கி, எங்கே ஒரு கடிதம் மற்றொன்றோடு முரண்படுகிறது, எந்த நாளில் எதிர்த்தரப்பு பேசாமல் இருந்தது என்று கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஜூனியர். ‘தேதிப் பட்டியல்’ என்று அலுவலகங்களில் சொல்லும் அந்த நாலு பக்கம் சரியாக அமைந்துவிட்டால் வழக்கின் முதுகெலும்பு தயார். சீனியர் அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்து நிற்கிறார்.

உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்ட பெரிய வழக்குகளையே பார்த்தால் இது விளங்கும். 2019இல் தென்கொரிய நிறுவனமான சாங்யோங்குக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் இடையிலான தீர்ப்பு, ரத்துக் காரணங்களை விளக்கியதில் இன்றுவரை வழிகாட்டி. அதன் அடியில் இருந்த தகராறு மொத்த விலைக் குறியீட்டெண் பற்றியது. ஒப்பந்தம் போட்டபோது குறியீட்டின் அடிப்படை ஆண்டு 1993–94. பின்னர் அரசு 2004–05க்கு மாற்றியது. பழைய எண்ணைப் புதியதோடு எப்படி இணைப்பது என்று ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒப்பந்ததாரர் ஒப்புக்கொள்ளாத அந்தச் சுற்றறிக்கையை நடுவர்களில் பெரும்பான்மையினர் அவர்மேல் ஏற்றினார்கள். ஒரு தரப்பு தானே எழுதிக்கொண்ட விதியை மறுதரப்பின் மேல் சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடிப்படை ஆண்டு மாறினால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை.

சா பைப்ஸ் வழக்கின் வேரும் இதே இடத்தில்தான். குழாய்கள் வரத் தாமதமானதற்கு ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தத்தில் முன்கூட்டியே குறித்த தொகையைப் பிடித்துக்கொண்டது. நட்டத்தை நிரூபித்தாயா என்று நடுவர்கள் கேட்டார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகையை நடுவர்கள் புறக்கணித்தது பிழை என்றது நீதிமன்றம். சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் பொதுக் கொள்கைக்காகப் படிக்கிறார்கள். தொழில் செய்பவர் அதில் படிக்க வேண்டியது, ஒரு விதியின் வரைவு எப்படி ஏழு ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறது என்பதை.

நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கும் வணிக வழக்குகளிலும் சுமை முன்பக்கமாக நகர்ந்திருக்கிறது. 2015 வணிக நீதிமன்றச் சட்டம், 2018 திருத்தத்துக்குப் பின் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத் தகராறுகளுக்குப் பொருந்துகிறது. வழக்குரையோடு கையிலுள்ள ஆவணங்கள் அனைத்தையும் சேர்க்க வேண்டும். உண்மை உறுதிமொழி தர வேண்டும். எதிர்வாதி 120 நாளுக்குள் பதில் தராவிட்டால் அந்த உரிமை போய்விடும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதில் தளர்வே கிடையாது என்றது. அவசர நிவாரணம் கோராத வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்று 2022இல் உறுதிப்படுத்தியது. வாய்தா வாங்கிக்கொண்டே வழக்கைப் புரிந்துகொள்ளலாம் என்ற பழைய சிவில் பழக்கத்துக்கு இங்கே இடம் சுருங்கிவிட்டது.

கூலி எங்கே போகிறது

சுமை முன்பக்கம் நகர்ந்தது போலப் பணம் நகரவில்லை.

இந்திய வழக்கறிஞர் தொழிலில் கட்டணத்தின் அலகு ஆஜராவது. பார் கவுன்சில் விதிகளின்படி வெற்றித் தொகையில் பங்கு பேச முடியாது. ஆகவே மூத்த வழக்கறிஞர் ஒரு நாள் எழுந்து நிற்பதற்கு இவ்வளவு என்று வாங்குகிறார். வழக்கு நீண்டால் ஆஜராகும் நாள் கூடும். யாரும் திட்டமிட்டு இழுக்கிறார்கள் என்று சொல்லவில்லை; ஆனால் சுருக்கமாக முடிப்பவருக்குத் தனிப் பரிசு எதையும் இந்த முறை வைக்கவில்லை. ஒரு வழக்கை நோட்டீஸ் கட்டத்திலேயே தீர்த்துவைத்த வழக்கறிஞரின் பெயர் எந்தச் சட்ட அறிக்கையிலும் அச்சாவதில்லை.

மறுமுனையில் ஜூனியர். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் பணிபுரியும் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரும்படி மூத்தவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் தலையிட்டு இந்தத் தொகையைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டும். ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு, பதிவு, அகில இந்திய பார் தேர்வு எல்லாம் முடித்து, பல கோடி ரூபாய் வழக்கின் தேதிப் பட்டியலைத் தயாரிப்பவருக்கு இதுவே உயர்ந்த கனவு. பெரிய சட்ட நிறுவனங்களில் சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே தயாரிப்பு ஓரிடம், வாதம் வேறிடம். கோப்பை முழுதாக அறிந்தவர் பின்வரிசையில் நிற்க, முந்தைய நாள் மாலை ஆலோசனையில் கேட்டுக்கொண்டவர் முன்வரிசையில் பேசுவார். நீதிபதி ஒரு கடிதத்தின் பக்க எண்ணைக் கேட்டால் தலைகள் பின்னால் திரும்பும்.

நடுவர் கட்டணத்தில் ஒரு வரைமுறை வந்திருக்கிறது. சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரு நடுவருக்கு உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய் என்கிறது. நடுவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே ஒருதலையாக நிர்ணயிக்க முடியாது என்று 2022இல் ஓ.என்.ஜி.சி. – அஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு அப்படி எந்த அட்டவணையும் நடைமுறையில் இல்லை.

கட்டணத்தைவிட ஆழமான விளைவு நேரத்தில் தெரிகிறது. மூத்த வழக்கறிஞரின் பகல்கள் நீதிமன்றத்துக்குச் சொந்தம். ஆகவே நடுவர் மன்றம் மாலையிலோ சனிக்கிழமையிலோ கூடுகிறது. இரண்டு மணி நேரம் விசாரணை, அடுத்த அமர்வு ஆறு வாரம் கழித்து. ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணை மூன்று பருவம் தாண்டுகிறது. நடுவராக அமர்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதி. எதிரே நிற்பவர்கள் அவர்முன் முப்பது ஆண்டு வாதிட்டவர்கள். எனவே தனியார் அறையில் நீதிமன்றத்தின் பழக்கங்கள் அனைத்தும் குடியேறிவிடுகின்றன: ஒத்திவைப்பு, இடைக்கால மனு, அதற்குப் பதில், பதிலுக்குப் பதில். லண்டனிலும் சிங்கப்பூரிலும் சாட்சியம் எழுத்தில் முன்கூட்டியே வந்துவிடும். விசாரணைக்கு ஒரு வாரமோ இரு வாரமோ தொடர்ச்சியாக ஒதுக்குவார்கள். இரு தரப்புக்கும் மணிக்கணக்கு சமமாகப் பிரித்துத் தரப்படும். அங்கே நடுவர் வழக்கறிஞர் என்பது தனித் தொழில். இங்கே அது பெரும்பாலும் நீதிமன்ற வழக்கறிஞரின் மாலை வேலை.

இரண்டு வகைப் புகழ்

ஃபாலி நரிமனின் வாழ்க்கை இந்தத் தொழில் எட்டக்கூடிய உயரத்தைக் காட்டுகிறது. 1929இல் ரங்கூனில் பிறந்து, 1950இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பதிவுசெய்து, ஜம்ஷெட்ஜி காங்காவின் அறையில் பழகியவர். நானி பல்கிவாலாவும் அதே அறையின் பிள்ளை. பல்கிவாலாவின் பெயரில் சென்னையில் ஒரு நடுவர் மையம் இயங்குகிறது. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியைத் துறந்தார் நரிமன். 1994 முதல் 2002 வரை சர்வதேச வணிக நடுவர் குழுமத்தின் தலைவராக இருந்தார். 2024 பிப்ரவரியில் மறையும்வரை தொழிலில் இருந்தார்.

தமிழ் வாசகருக்கு அவர் காவிரி வழக்கில் பல பத்தாண்டுகள் கர்நாடகத்துக்காக நின்றவராகத் தெரிந்திருப்பார். 2016 செப்டம்பரில் தண்ணீர் திறக்கும் உத்தரவைக் கர்நாடகம் பின்பற்றாதபோது, இனி அதன் சார்பில் வாதிடப்போவதில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னவரும் அவர்தான். போபால் வழக்கில் யூனியன் கார்பைடுக்காக நின்றதும், 1989இல் 47 கோடி டாலருக்கு அது முடிந்ததும் அவர் வாழ்வின் கடினமான பக்கம். மீண்டும் வாய்ப்பு வந்தால் அந்த வழக்கை ஏற்கமாட்டேன் என்ற கருத்தை அவரே பின்னாளில் வெளிப்படுத்தினார். கட்சிக்காரரை மறுக்கும் உரிமையும், நீதிமன்றத்துக்குத் தர வேண்டிய நேர்மையும் வணிக வழக்கறிஞருக்கு அலங்காரங்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நரிமனின் புகழ் குரலின் புகழ். இன்னொரு வகைப் புகழும் உண்டு. சிங்கப்பூரின் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் 2012இல் அப்பதவிக்கு வருமுன் சர்வதேச நடுவர் வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞர். அந்நாட்டில் 2008 முதல் 2025 வரை சட்ட அமைச்சராக இருந்த தமிழரான கா. சண்முகம், அரசியலில் முழுநேரம் இறங்குமுன் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் வழக்குப் பிரிவை நடத்தியவர். தகராறுத் தீர்வு ஒரு நாட்டின் தொழிலாகவே வளர முடியும் என்று அதன் உள்ளிருந்து அறிந்தவர்கள் சட்டத்தையும் நீதிமன்றத்தையும் நிறுவனத்தையும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைத்தார்கள். 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையத்தை நாடும் வெளிநாட்டவரில் இந்தியத் தரப்பினர் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறார்கள். மும்பையிலும் டெல்லியிலும் சென்னையிலும் மையங்கள் இருக்க, இந்திய நிறுவனங்கள் இரண்டு சிங்கப்பூரில் போய்ச் சண்டையிடுவதற்குக் கட்டடம் காரணமாக இருக்க முடியாது.

வெளிநாட்டு நடுவர் வழக்கறிஞர்களுக்கு இந்தியாவின் வாசலைத் திறந்துவிடுவதில் சென்னைக்கும் பங்குண்டு. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்தியாவில் தொழில் செய்வதை எதிர்த்துச் சென்னை வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2012இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வெளிநாட்டவர் இங்கே அலுவலகம் திறந்து வழக்காட முடியாது. எப்போதாவது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். சர்வதேச நடுவர் வழக்குகளில் உரிய விதிகளுக்கு உட்பட்டு வர இடமுண்டு என்பது அதன் சாரம். 2023இல் பார் கவுன்சில் இதற்கான விதிகளை வகுத்தது. இங்குள்ள இளம் வழக்கறிஞருக்கு இது போட்டி மட்டுமில்லை, எழுத்துத் தயாரிப்பில் கடுமையான ஒரு பள்ளியும்கூட.

மறுப்பும் அதற்கு விடையும்

கடைசிக் கட்டம் அவ்வளவு பயனற்றதா என்று கேட்கலாம். டெல்லி மெட்ரோ வழக்கில் கழகம் கியூரேட்டிவ் மனுவோடு போயிருக்காவிட்டால் பொதுப்பணம் பல ஆயிரம் கோடி போயிருக்குமே? நியாயமான கேள்வி. நீதிமன்றக் கண்காணிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு நைஜீரிய வழக்கு பதில் சொல்கிறது. 2010இல் அந்நாட்டு அரசு ஒரு சிறு நிறுவனத்தோடு எரிவாயு ஒப்பந்தம் செய்தது. 2017இல் லண்டனில் அமர்ந்த நடுவர் மன்றம் நைஜீரியா 660 கோடி டாலர் கட்ட வேண்டும் என்றது. வட்டியோடு அது 1,100 கோடி டாலராக வளர்ந்தது. 2023 அக்டோபரில் லண்டன் வணிக நீதிமன்றத்தின் நீதிபதி ராபின் நோல்ஸ் அந்தத் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்று கண்டார்: லஞ்சம், பொய்ச் சாட்சியம், நைஜீரியத் தரப்பின் ரகசிய சட்ட ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு நடத்தியது. நீதிமன்றம் இல்லையென்றால் ஒரு நாட்டின் கருவூலம் போயிருக்கும்.

ஆனால் அதே நீதிபதி கவலையோடு சுட்டிக்காட்டியவற்றில், இவ்வளவு பெரிய ஒப்பந்தம் எழுதப்பட்ட தரமும், நடுவர்முன் அரசுத் தரப்பு நடத்தப்பட்ட விதமும் இருந்தன. கடைசி நீதிமன்றம் காப்பாற்றியது, முதல் வழக்கறிஞர்கள் கைவிட்ட ஒன்றை. கண்காணிப்பு தேவை என்பதற்கும், தொழிலின் மரியாதை அனைத்தையும் கண்காணிப்புக் கட்டத்திலேயே குவிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகள் இன்னொரு சிக்கலைத் தொட்டன. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்ததில் இழப்பீடு குறைவு என்று நில உரிமையாளர்கள் வந்தபோது, நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிரத் திருத்த முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கும் அதன் முன்னாள் உயரதிகாரிக்கும் இடையிலான வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. நடுவர் இரண்டு கோடி ரூபாய் தரச் சொன்னார். தனி நீதிபதி கூட்டினார். இரு நீதிபதிகள் அமர்வு கூட்டிய தொகையை வெட்டியது. 2025 ஏப்ரல் 30 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், பிரிக்கக்கூடிய பகுதியை நீக்குவது, எழுத்துப் பிழை, கணக்குப் பிழை திருத்துவது, சில சமயம் வட்டியை மாற்றுவது போன்ற வரம்புக்குள் நீதிமன்றம் திருத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. முழுதாக ரத்து செய்து முதலிலிருந்து தொடங்கச் சொல்வதைவிட இது மேல். என்றாலும் ரத்தைத் தாண்டித் திருத்தம் என்ற புதிய வாதத்தளம் உருவாகியிருக்கிறது. கடைசிக் கட்டம் இன்னும் சற்று நீண்டிருக்கிறது.

இனி

இந்தச் சூழலில் பெரும் வழக்காளியான அரசே பின்வாங்குகிறது. 2024 ஜூன் 3 அன்று மத்திய நிதி அமைச்சகம் அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நடுவர் விதியைப் பழக்கமாகச் சேர்க்கக் கூடாது. பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரிய தகராறுகளில் 2023 சமரசச் சட்டத்தின் வழியை நாடலாம் என்றது. நீளும் காலம், கூடும் செலவு, தீர்ப்புக்குப் பிறகும் ஓயாத வழக்கு ஆகியவற்றை அது காரணமாகக் காட்டியது. இந்திய நடுவர் வழக்கறிஞர்களின் வருமானத்தில் பெரும்பகுதி சாலை, மின்சாரம், ரயில் ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. அந்த ஊற்றின் வாயை ஊற்றுக்காரரே அடைக்கத் தொடங்கியிருக்கிறார்.

இதைத் துறை வல்லுநர்கள் பலர் தவறான முடிவு என்று விமர்சித்தார்கள். பத்துக் கோடிக்கு மேற்பட்ட தகராறெல்லாம் ஏற்கெனவே நிரம்பிய நீதிமன்றங்களுக்குத் திரும்பினால் யாருக்கும் நன்மையில்லை என்ற அவர்கள் கவலை சரியானது. ஆனாலும் அரசு சொன்ன காரணங்களில், வழக்கறிஞர்கள் தாமே சரிசெய்யக்கூடியவை பாதிக்கு மேல் இருக்கின்றன. விசாரணை நாள்களைத் தொடர்ச்சியாக ஒதுக்குவது, நாள் கணக்கை விட்டுக் கட்டம் கட்டமாகக் கட்டணம் பேசுவது, கோப்பைத் தயாரித்த ஜூனியருக்கே அதன் ஒரு பகுதியை வாதிடக் கொடுப்பது, நடுவர் பட்டியலில் பொறியாளரையும் கணக்காளரையும் தொழிலிலுள்ள இளம் வழக்கறிஞரையும் சேர்ப்பது: இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

சமரச மேசையில் பேச்சுத்திறன் எடுபடாது. அங்கே எதிரே இருப்பவர் நீதிபதி இல்லை. தம் மேலதிகாரிக்குக் கோப்பில் குறிப்பெழுதி விளக்க வேண்டிய ஒரு நிதி அலுவலர். நாளைக்குத் தணிக்கையோ விசாரணையோ வந்தால் இவ்வளவு தொகைக்கு ஏன் ஒப்புக்கொண்டோம் என்று காட்ட அவருக்கு ஆதாரம் வேண்டும். எந்தக் கோரிக்கை ஆவணத்தில் நிற்கும், எது நிற்காது என்று முதல் மாதத்திலேயே கணக்கிட்டு எழுதிக்கொடுக்கும் வழக்கறிஞரால்தான் அதைத் தர முடியும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் பின்வரிசையில், குறைந்த உதவித்தொகையில் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிலில் தக்கவைத்து, அந்த வேலைக்கென்றே பெயரும் ஊதியமும் தருவதற்கு வழக்கறிஞர் உலகம் முன்வராவிட்டால், சமரசச் சட்டத்தின் கதையும் 1940, 1996 சட்டங்களின் வழியிலேயே போகும்.